வாசலில் ஒரு மனத்தாங்கல்: அமெரிக்க ஆம்புலன்ஸ் தொழிலும் மருத்துவமனையும்

ஆம்புலன்ஸ் என்னும் சொல் தொடக்கத்தில் ஒரு வண்டியின் பெயராக இருக்கவில்லை. நடத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியிலிருந்து பிரெஞ்சுக்காரர் ஆக்கிக்கொண்ட அச்சொல், படையின் பின்னாலேயே இடம்பெயர்ந்து சென்ற மருத்துவமனையை, அதாவது கூடாரம், கத்தி, கட்டுத்துணி, அறுவை மருத்துவர், உதவியாளர் ஆகிய அனைத்தும் சேர்ந்த நிலையத்தை உணர்த்தியது. 1792இல் ரைன் படையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் தொமினிக் லாரே, போர் முடியும்வரை காயம்பட்டோரைக் களத்திலேயே கிடக்கவிடும் வழக்கத்தை மாற்றி, விரைந்தோடும் குதிரை வண்டிகளோடு ஓர் அணியை அமைத்து அதற்குப் பறக்கும் ஆம்புலன்ஸ் என்று பெயரிட்டபோதும், தூக்குபவரும் அறுப்பவரும் ஒரே தலைமையின் கீழ் ஒரே அணியினராகவே இருந்தனர். பின்னர் மருத்துவமனை ஓரிடத்தில் நிலைகொள்ள, வண்டி மட்டும் ஓடத் தொடங்கியபோது, பெயர் வண்டியோடு போயிற்று. அமெரிக்க மருத்துவமனைகளின் அவசர சிகிச்சை வாசலில் ஆம்புலன்ஸ் பணியாளருக்கும் செவிலியர், மருத்துவர் ஆகியோருக்கும் இடையே நெடுங்காலமாக நிலவிவரும் கடுகடுப்பைத் தனிமனிதரின் சுபாவத்துக்கும் இரவுப்பணியின் களைப்புக்கும் ஏற்றிச் சொல்வது வழக்கம். ஆயினும் வண்டியில் வருபவர் யாருடைய ஆள் என்னும் கேள்விக்கு அந்நாடு ஒவ்வொரு காலத்திலும் அளித்த விடையைத் தொடர்ந்து பார்த்தால், அந்த வாசலில் பேசப்பட்ட பேச்சின் தன்மையும் அவ்விடையோடு சேர்ந்தே மாறிவந்திருப்பது தெரியவரும்.

அந்நாட்டின் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் ஆம்புலன்ஸ் வண்டிகள் மருத்துவத் துறையின் கையில் இல்லை. உணவும் தீவனமும் கூடாரமும் வழங்கும் படைத் தளவாடத் துறையின் பொறுப்பில் அவை இருந்தன. கூலிக்கு அமர்த்தப்பட்ட ஓட்டுநர்கள் 1861இல் புல் ரன் போரில் வண்டிகளோடு ஓடிவிட்டதும், காயம்பட்டோருக்கென வைத்திருந்த மதுவைக் குடித்துத் தீர்த்ததும் பெரும் அவப்பெயரை உண்டாக்கின. 1862 ஆகஸ்டில் பொடோமக் படையின் மருத்துவ இயக்குநரான ஜோனதன் லெட்டர்மன் கொண்டுவந்த ஏற்பாடு, வண்டியையும் ஓட்டுநரையும் சுமப்போரையும் தளவாடத் துறையிடமிருந்து பிரித்து, இதற்கென்றே பயிற்சி பெற்ற ஓர் ஆம்புலன்ஸ் படையாக மருத்துவ இயக்குநரின் ஆணைக்கு உட்படுத்தியது. அடுத்த மாதமே நிகழ்ந்த ஆன்டீட்டம் போரில் அதன் பயன் கண்கூடாகத் தெரிந்தது. 1864 மார்ச்சில் அமெரிக்கப் பேரவை அதைச் சட்டமாகவே இயற்றியது. ஓட்டுநர் மருத்துவரின் ஆளாக இருந்தால் பொறுப்போடு நடந்துகொள்வார், வேறு துறையின் ஆளாக இருந்தால் இரு தரப்பும் ஒன்றையொன்று பழிக்கும் என்பதைப் படை மூன்றாண்டுகளில் கற்றுக்கொண்டது.

போர் முடிந்த 1865ஆம் ஆண்டிலேயே சின்சினாட்டி நகரின் வணிக மருத்துவமனை சொந்தமாக ஆம்புலன்ஸ் வைத்துக்கொண்டது. நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் 1869இல் தொடங்கப்பட்ட சேவையே பிற நகரங்களுக்கு மாதிரியாக அமைந்தது. அதை நிறுவிய எட்வர்ட் டால்டன், போர்க்காலத்தில் படை மருத்துவராகப் பணியாற்றியவர். காவல் நிலையத்திலிருந்து தந்தி வந்ததும் புறப்படும் அவ்வண்டியில் குருதிப்போக்கை நிறுத்தும் இறுக்குப் பட்டைகள், எலும்பு முறிவுக்கான சிம்புகள், கட்டுத்துணிகள், பஞ்சு, ஒரு குப்பி பிராந்தி ஆகியவை இருந்தன. 1870இல் 1,401 அழைப்புகளுக்குச் சென்ற அச்சேவை, 1891இல் 4,392 அழைப்புகளுக்குச் சென்றது. வண்டியின் பின்புறத்தில் அமர்ந்து சென்றவர் ஆம்புலன்ஸ் சர்ஜன் என்று அழைக்கப்பட்டார். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஹவுஸ் சர்ஜன் எனப்படுபவரைப் போலப் படிப்பை முடித்துப் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவரே அவர். தெருவில் நோயாளியைப் பார்த்தவரும் வார்டில் அவரைச் சேர்ப்பவரும் ஒரே நிறுவனத்தார் என்பதால், இன்று ஒப்படைப்பு எனப்படும் சடங்குக்கே, அதாவது நோயாளியின் பொறுப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும்போது நடக்கும் சொல் பரிமாற்றத்துக்கே, அங்குப் பெரிய தேவை இருக்கவில்லை. செவிலியர் அவரைத் தெரிந்துவைத்திருந்தார். சர்ஜன் எழுதிய குறிப்பு மருத்துவரின் குறிப்பாக மதிக்கப்பட்டது. மரியாதையெல்லாம் பின்னால் அமர்ந்த சர்ஜனுக்கு உரியதாக இருந்ததையும், முன்னால் அமர்ந்து கடிவாளம் பிடித்தவர் வேலையாளாக மட்டுமே எண்ணப்பட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் சர்ஜன் இறங்கிப்போய் ஓட்டுநர் மட்டும் எஞ்சியபோது, அவருக்குக் கிடைத்த மரியாதை இந்த முன்னிருக்கையின் மரியாதைதான்.

மருத்துவமனையின் சொந்த ஆள் என்பதால் மட்டுமே ஒருவர் நல்ல முறையில் நடத்தப்பட்டுவிடுவார் என்றும் சொல்வதற்கில்லை. நியூயார்க்கின் கீழைப்பகுதியில் ஏழைக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த வட்டாரத்தில் இருந்த கவர்னர் மருத்துவமனையில் 1903இல் பணியேற்ற எமிலி டன்னிங், பின்னாளில் எமிலி டன்னிங் பாரிஞ்சர் என அறியப்பட்டவர், அந்நகரின் முதல் பெண் ஆம்புலன்ஸ் சர்ஜன் ஆவார். தேர்வில் சிறந்த மதிப்பெண் பெற்றும் முதலில் ஒரு மருத்துவமனை பெண் என்பதற்காக அவரை ஏற்க மறுத்திருந்தது. கவர்னரில் இடம் கிடைத்த பிறகு, உடன் பணியாற்றிய ஆண் மருத்துவர்கள் அவருக்கு வேண்டுமென்றே கடினமான வேலைகளை ஒதுக்கியும் எடுத்தெறிந்து பேசியும் அவர் தானாக விலகிப்போகுமாறு செய்ய முயன்றனர். அதே காலத்தில் வண்டியோட்டிகள், செவிலியர், காவலர், தீயணைப்போர், அந்த வட்டாரத்து மக்கள் ஆகியோர் அவருக்குத் துணைநின்றதை அவர் 1950இல் வெளியிட்ட தன்வரலாற்று நூல் பதிவுசெய்கிறது. அவரோடு தெருவில் நின்று வேலை பார்த்தவர்கள் அவருக்கு மதிப்பளித்தார்கள். அவரது வேலையைப் பார்க்காமல் உள்ளிருந்தே தீர்ப்புச் சொன்னவர்கள் அவமதித்தார்கள். இந்த வரலாற்றில் பின்னரும் அடிக்கடி எதிர்ப்படும் ஒரு பிரிவினை இது.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஆம்புலன்ஸிலிருந்து மருத்துவர் படிப்படியாக இறங்கிவிட்டார். மருத்துவப் பயிற்சி ஆய்வுக்கூடத்தையும் சிறப்புத் துறைகளையும் நோக்கி நகர்ந்ததால் தெருவில் கழிக்கும் மாதங்கள் பயிற்சிக்கு வீண் என்று கருதப்பட்டன; இரண்டாம் உலகப்போர் இளம் மருத்துவர்களைப் படைக்கு இழுத்துக்கொண்டபோது, பல மருத்துவமனைகள் ஆம்புலன்ஸையே கைவிட்டன. அவ்விடத்தை ஊருக்கு ஊர் வெவ்வேறு தரப்பினர் நிரப்பினர். சில நகரங்களில் தீயணைப்புத் துறையும், சிலவற்றில் கைதிகளை ஏற்றும் வண்டியோடு காவல் துறையும் அப்பணியைச் செய்தன. எஞ்சிய ஊர்களில், குறிப்பாகச் சிறு நகரங்களில், அது ஈமச்சடங்கு நிறுவனங்களின் கைக்குப் போயிற்று. மனிதரைப் படுத்த நிலையில் கொண்டுசெல்லத்தக்க நீண்ட வண்டி அவர்களிடம் மட்டுமே இருந்தது என்பதே காரணம். தமிழ்நாட்டில் அமரர் ஊர்தியும் ஆம்புலன்ஸும் இரு வேறு சேவைகளாக ஓட, அமெரிக்காவிலோ காடிலாக் அடிச்சட்டத்தின் மீது கட்டப்பட்ட ஒரே வண்டி, காலையில் சுழல்விளக்கைப் பொருத்திக்கொண்டு ஆம்புலன்ஸாகவும் மாலையில் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பிண ஊர்தியாகவும் ஓடியது. கூட்டு ஊர்தி என்றே அவ்வண்டிகள் விற்கப்பட்டன. நோயாளி பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் வாடிக்கையாளர் கைவிட்டுப் போகாத அத்தொழில் ஏற்பாட்டைப் பற்றி அந்நாட்டில் நிலவிய நகைச்சுவைகளுக்கு அளவில்லை. அதில் வந்த பணியாளருக்கு முதலுதவிப் பயிற்சி இருந்தால் அது அவரவர் ஆர்வத்தால் பெற்றதே. மருத்துவமனை வாசலில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கத்தக்க எதுவும் அவரிடம் இருக்கும் என்று எதிர்பார்க்கப்படவும் இல்லை. கட்டிலைக் காட்டுவார்கள், இறக்கிவைப்பார், போய்விடுவார்.

வாசலுக்கு உட்புறமும் அக்காலத்தில் மதிப்பான இடமாக இருக்கவில்லை என்பது பலரும் கவனிக்காதது. தமிழ்நாட்டில் கேஷுவாலிட்டி என்று இன்றும் வழங்கும் பிரிவுக்கு நேரான அமெரிக்க அவசர அறை, 1950களில் பெரும்பாலும் கட்டடத்தின் பின்பக்கத்து ஓர் அறையாகவே இருந்தது. அங்கே ஒரு செவிலியர் இருப்பார். நோயாளி வந்தால் முறைவைத்துப் பொறுப்பேற்ற மருத்துவரை அழைப்பார். அந்த மருத்துவர் தோல் நோய்க்கோ கண் நோய்க்கோ உரியவராகவும் இருக்கலாம், நேற்றுப் பயிற்சிக்குச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். 1961இல் வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்ட்ரியா மருத்துவமனையில் ஜேம்ஸ் மில்ஸ் என்பவரும் அவருடைய சக மருத்துவர் மூவரும் தம் சொந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு அவசர அறையையே முழுநேரப் பணியாக ஏற்றது புதுமையாகப் பேசப்பட்டது. அவசர மருத்துவர்களுக்கான கல்லூரி என்னும் தொழில் அமைப்பு 1968இலும், அத்துறையில் முதல் முதுநிலைப் பயிற்சி சின்சினாட்டியில் 1970இலும் தோன்றின. தனிச் சிறப்புத் துறை என்ற ஏற்பு 1979இல்தான் கிடைத்தது. அதுவரை அவசர அறையில் நின்ற செவிலியரும் மருத்துவரும் தம் மருத்துவமனைக்குள்ளேயே மேல்தளத்துச் சிறப்பு மருத்துவர்களின் அலட்சியத்தைச் சுமந்தவர்கள். நள்ளிரவில் கட்டில் கேட்டுத் தொலைபேசியில் சுடுசொல் வாங்கிய செவிலியருக்கு, அடுத்த நிமிடம் கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்ட்ரெச்சரோடு வருபவர் இன்னொரு கட்டிலின் தேவையாகவே தென்படுவார். மேலிருந்து வந்த சூடு கீழே இறங்க அந்த வாசலே வாய்க்காலாக அமைந்தது.

1966இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமியின் ஆய்வு மன்றம் விபத்து மரணங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கை இந்நிலையை நாட்டின் கண்முன் வைத்தது. 1965இல் மட்டும் விபத்துகளில் 1,07,000 பேர் இறந்ததையும், அவர்களில் 49,000 பேர் சாலையில் மடிந்ததையும் எடுத்துக்காட்டிய அவ்வறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறக்குறையப் பாதியை 12,000 ஈமச்சடங்கு நிறுவனத்தார் நடத்துவதாகக் குறிப்பிட்டது. வியட்நாம் போர்க்களத்தில் காயம்பட்டவருக்கு இருக்கும் வாய்ப்பு, சாதாரண நகரத் தெருவில் காயம்பட்டவருக்கு இல்லை என்னும் நிபுணர் கருத்தும் அதில் இடம்பெற்றது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக ஆம்புலன்ஸின் தரத்தையும் பணியாளரின் பயிற்சியையும் வகுக்கும் பொறுப்பு நடுவண் போக்குவரத்துத் துறைக்குச் சென்றது. மருத்துவமனை ஒரு துறையின் விதிகளுக்கும், அதன் வாசலுக்கு வரும் பணியாளர் சாலைகளைக் கவனிக்கும் மற்றொரு துறையின் பாடத்திட்டத்துக்கும் உட்பட்ட இந்தப் பிளவு அன்று நிர்வாக வசதிக்காக ஏற்பட்டதே. ஆயினும் லெட்டர்மன் நூறாண்டுக்கு முன் தளவாடத் துறையிடமிருந்து மீட்டதை, நாடு மறதியாக மீண்டும் வண்டித் துறையிடமே ஒப்படைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

இந்தச் சூழலில் பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த முயற்சி தனித்துப் பேசத்தக்கது. அந்நகரில் நோயாளிகளைக் காவல் வண்டியே ஏற்றிச் சென்றது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஹில் வட்டாரத்தில் அவ்வண்டி நேரத்துக்கு வருமா என்பதும், வந்தால் ஏறுவது நல்லதா என்பதும் மக்களுக்கு ஐயமாகவே இருந்தன. 1966 நவம்பரில் அந்நகரின் முன்னாள் மேயரும் மாநிலத்தின் முன்னாள் ஆளுநருமான டேவிட் லாரன்ஸ் மேடையில் மயங்கி விழுந்து, போதிய உதவியின்றிக் காவல் வண்டியில் கொண்டுசெல்லப்பட்டு, மீளாமலே இறந்தது மேட்டுக்குடியினரையும் சிந்திக்கவைத்தது. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவரும், மூச்சும் இதயமும் நின்றவரை மீட்கும் முறையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவருமான மயக்கவியல் மருத்துவர் பீட்டர் சஃபார், அதே ஆண்டில் தம் சிறு மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்திருந்தார். ஃபாக் மருத்துவ நிதியத்தின் தலைவர் ஃபில் ஹாலன், ஹில் வட்டாரத்தில் காய்கறி வண்டிகளை ஓட்டிக்கொண்டிருந்த ஃப்ரீடம் ஹவுஸ் என்னும் மக்கள் அமைப்பு, சஃபார் ஆகிய மூன்று தரப்பும் 1967இல் இணைந்து, வேலையற்றிருந்த கறுப்பின இளைஞர்களைத் தேர்ந்து ஓர் ஆம்புலன்ஸ் சேவையை உருவாக்கின. அவர்களில் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் படையிலிருந்து திரும்பியவர்களும் இருந்தனர்.

சஃபார் அவர்களுக்கு வகுத்த பயிற்சி சுமார் 300 மணி நேரம் நீண்டது. பிற இடங்களில் முதலுதவிச் சான்றிதழே போதுமெனக் கருதப்பட்ட காலம் அது. பாடம் எங்கே நடந்தது என்பதே அதன் சிறப்பு. உடற்கூறு அறையிலும் மகப்பேற்று அறையிலும் அறுவை அரங்கிலும் அவர்கள் நின்றார்கள். மயக்க நிலையிலிருக்கும் நோயாளியின் மூச்சு வழியைக் காக்கும் முறைகளை மயக்கவியல் மருத்துவரின் அருகில் நின்று கற்றார்கள். 1968இல் பணி தொடங்கி, முதலாண்டில் 5,868 அழைப்புகளுக்குச் சென்றார்கள். இருப்பினும் மருத்துவமனைகளில் அவர்களுடைய சீருடையையும் பயிற்சியையும் அறியாதவர்கள், அவர்களைத் துப்புரவுக்கும் சிற்றேவலுக்கும் அமர்த்தப்பட்ட ஆட்களாக எண்ணி நடத்தியதைப் பின்னாளில் அவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இங்கே தொழில் அலட்சியத்தோடு நிற வெறுப்பும் கலந்திருந்தது. இரண்டையும் பிரித்து எடைபோடுவது இயலாது, பிரிக்க முயல்வது நேர்மையும் ஆகாது. ஒரு நோயாளியின் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், வழியில் செய்த சிகிச்சை ஆகியவற்றை ஒழுங்காகச் சொல்லத் தொடங்கிய கறுப்பின இளைஞரைப் பாதியில் மறித்தவர், தமக்குத் தேவையான செய்தியைத் தாமே இழந்தார் என்பது மட்டும் தெளிவு.

1974இல் சஃபாரின் துறையில் பயிற்சிக்கு வந்த இளம் மருத்துவர் நான்சி கரோலைன் ஃப்ரீடம் ஹவுஸின் மருத்துவ இயக்குநர் பொறுப்பேற்றார். அவர் அலுவலகத்தில் இருந்தபடி வழிநடத்தாமல் வண்டியிலேயே ஏறிச் சென்றதும், பணியாளரின் நிலையத்தில் அவர்களோடு பொழுதைக் கழித்ததும், அழைப்பு முடிந்தபின் என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று அவர்களோடு அமர்ந்து அலசியதும் அச்சேவையின் தரத்தை மேலும் உயர்த்தின. பெல்வியூவில் வண்டியிலிருந்து இறங்கிப்போன மருத்துவர் விட்டுச்சென்ற இருக்கையில் மறுபடி ஒரு மருத்துவர் அமர்ந்தார் என்று இதைக் கொள்ளலாம். வேறுபாடு என்னவென்றால், இம்முறை சிகிச்சை செய்தவர்கள் அவருடன் வந்தவர்கள், அவர் ஆசிரியராக உடனிருந்தார். 1975 அக்டோபரில் நகர நிர்வாகம் தானே ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. அதன் பணியாளரை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, தேர்வுகளாலும் பணி மாற்றங்களாலும் பெரும்பாலோரை ஓரங்கட்டியது. கரோலைனின் பாடத்திட்டம் தேசியப் பாடத்திட்டத்துக்கு அடிப்படையாயிற்று. 1979இல் அவர் வெளியிட்ட பாடநூல் நாடு முழுவதும் பயிலப்பட்டது. நூலைப் படித்துத் தேறியவர்களில் பலருக்கு அது யாருடைய உழைப்பின் மீது எழுதப்பட்டது என்பது தெரியாமலே போயிற்று.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் வேறொரு வழி தோன்றியது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃப்ராங்க் பான்ட்ரிட்ஜ் என்னும் மருத்துவர் 1966இல் மாரடைப்பு நோயாளிகளிடம் மருத்துவரையும் இதயத்தை மீட்கும் மின் கருவியையும் வண்டியில் அனுப்பத் தொடங்கியிருந்தார். அதை மருத்துவர் இல்லாமலே செய்ய முடியுமா என்று பல அமெரிக்க நகரங்கள் முயன்றன. 1969இல் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தின் ஹார்பர் பொது மருத்துவமனையில் தீயணைப்பு வீரர்களுக்கு இதய நோய்ச் சிகிச்சையில் பயிற்சி அளித்தபோது, ஊசி போடவும் மின்னதிர்வு தரவும் அவர்களுக்குச் சட்டப்படி உரிமை இல்லாததால், அழைப்பு வந்ததும் வண்டி முதலில் மருத்துவமனைக்குச் சென்று ஒரு செவிலியரை ஏற்றிக்கொண்டே நோயாளியிடம் போக வேண்டியிருந்தது. மருத்துவத் தரப்பிலேயே தயக்கம் நிலவியபோதும், 1970இல் கலிஃபோர்னியா ஆளுநராக இருந்த ரொனால்ட் ரேகன் கையெழுத்திட்ட வெட்வொர்த்–டவுன்சென்ட் சட்டம் அவ்வுரிமையை வழங்கியது. பாராமெடிக் என்னும் தொழிற்பெயர், அதாவது மருத்துவமனைக்கு வெளியே மருத்துவரின் ஆணைப்படி உயர்நிலைச் சிகிச்சை தரும் பயிற்சி பெற்றவர் என்னும் பொருளில், சட்டத்தின் ஏற்பைப் பெற்றது அப்போதுதான்.

அச்சட்டத்தின் கீழ் உருவான நடைமுறை இவ்வரலாற்றுக்கு மிக முக்கியமானது. பாராமெடிக் நோயாளியின் அருகிலிருந்து வானொலிக் கருவி மூலம் தளமருத்துவமனை எனப்பட்ட ஒரு குறித்த மருத்துவமனையோடு பேச வேண்டும்; மறுமுனையில் மருத்துவரோ இதற்கெனச் சான்று பெற்ற செவிலியரோ கேட்டு ஆணையிட வேண்டும். அச்சான்றுக்காகச் செவிலியர் ஆம்புலன்ஸிலும் தீயணைப்பு வண்டியிலும் ஏறிச் சென்று களத்தைப் பார்த்துவர வேண்டியிருந்தது. பாராமெடிக்கோ தம் பயிற்சியின் ஒரு பகுதியை அவசர அறையில் அச்செவிலியரின் கண்ணெதிரில் கழித்தார். இதனால், வண்டி வாசலை அடையும் முன்பே இரு தரப்பும் ஒரே நோயாளியைப் பற்றிப் பேசித் தீர்த்திருந்தன. வாசலில் நடப்பது அந்த உரையாடலின் தொடர்ச்சியே ஆயிற்று. படுக்கையறைத் தரையில் முழங்காலிட்டு, அழும் உறவினரின் நடுவே ஊசிக்கு நரம்பு தேடுவது எப்படியிருக்கும் என்று பார்த்திருந்த செவிலியர், ஏன் இன்னும் ஊசி ஏறவில்லை என்று கேட்கும் தொனியே வேறு. 1972 முதல் ஒளிபரப்பான எமர்ஜென்சி என்னும் தொலைக்காட்சித் தொடர், இரு பாராமெடிக்குகளையும் வானொலியின் மறுமுனையில் டிக்சி மெக்கால் என்னும் செவிலியரையும் முதன்மை மாந்தராக்கி, இக்கூட்டுறவை நாட்டின் கனவாகவே ஆக்கிவிட்டது. தொடரில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்து நன்றி கூறுவர். பேரூர்களில் நாளொன்றுக்குப் பல வண்டிகள் வந்து நிற்கும் வாசலில் பெயர் கேட்கவும் நேரமில்லை என்பதைத் தொடர் சொல்லவில்லை.

நிலையாணைகள் பெருகி, ஒவ்வொரு சிகிச்சைக்கும் வானொலியில் அனுமதி கேட்கத் தேவையில்லை என்றானபோது பாராமெடிக்கின் தன்னுரிமை வளர்ந்தது. கூடவே அந்தப் பழக்கமான குரலும் குறைந்தது. 1986இல் இயற்றப்பட்ட நடுவண் சட்டம், பணமில்லாதவரைத் திருப்பியனுப்பும் கொடிய வழக்கத்துக்கு எதிராக, அவசர சிகிச்சை நாடி வரும் எவரையும் பரிசோதித்து நிலைப்படுத்தும் கடமையை மருத்துவமனைகளின் மீது சுமத்தியது. நோயாளி மருத்துவமனை வளாகத்தை அடைந்த கணத்திலேயே கடமை தொடங்கிவிடுகிறது என்றும், கட்டில் இல்லாத காரணத்தால் அவரை ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே கிடத்திவைப்பது கடமையைத் தள்ளிப்போடாது என்றும் 2006இல் நடுவண் அரசு விளக்க நேர்ந்ததிலிருந்தே, வாசலில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை ஊகிக்கலாம். கலிஃபோர்னியப் பணியாளர் இக்காத்திருப்பைச் சுவர் நேரம் என்பர். நடைவழிச் சுவரோரம் நோயாளியோடு நிற்கும் நேரம் என்று பொருள். 2023இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம், நூற்றுக்குத் தொண்ணூறு முறை 30 நிமிடங்களுக்குள் நோயாளியைப் பெற்றுக்கொள்ளும் அளவை வகுக்கக் கோரியது. கட்டில் பற்றாக்குறை செவிலியர் உண்டாக்கியதும் அன்று, ஆம்புலன்ஸ்காரர் உண்டாக்கியதும் அன்று; ஆயினும் அதன் பொருட்டு முகம் சுளித்துக்கொள்பவர்கள் அவர்கள் இருவருமே.

முகச்சுளிப்பு வெறும் மனவருத்தத்தோடு முடிவதில்லை என்பதை 2015இல் இஸ்ரேலியப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் நடத்திய ஆய்வொன்று காட்டியது. அரியே ரிஸ்கினும் உடன் ஆய்வாளரும் 24 மருத்துவக் குழுக்களுக்கு ஒரே பாவனை நோயாளியைக் கொடுத்து, சில குழுக்களிடம் மட்டும் ஒரு வெளிநாட்டு நிபுணர் இழிவாகப் பேசுமாறு ஏற்பாடு செய்தனர். அவமதிக்கப்பட்ட குழுக்கள் நோயறிவதிலும் செய்முறையிலும் பின்தங்கின. தமக்குள் தகவல் பகிர்வதும் உதவி கேட்பதும் குறைந்ததே காரணம் என்று கண்டனர். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையமும் இதற்கு முன்பே, 2008இல், மிரட்டும் நடத்தையை நோயாளியின் பாதுகாப்புக்கான கேடாக அறிவித்து, மருத்துவமனைகள் நடத்தை விதிகளை வகுக்க வேண்டும் என்று பணித்திருந்தது. அவ்விதிகள் மருத்துவமனையின் சொந்த ஊழியரை மனத்தில் வைத்தே பெரிதும் எழுதப்பட்டன; நகராட்சியின் அல்லது தனியார் நிறுவனத்தின் ஊதியம் பெறும் ஆம்புலன்ஸ் பணியாளர் யாரிடம் முறையிடுவது, அவர்மீது யாரிடம் முறையிடுவது என்னும் பழைய கேள்வி அவற்றின் ஓரத்திலேயே நின்றது.

இந்தியாவில் இந்த வாசல் வேறொரு வரிசையில் திறந்தது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரைக் கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் இடமில்லையென்று அடுத்தடுத்துத் திருப்பியனுப்பிய வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் அவசர சிகிச்சை மறுப்பை உயிர்வாழும் உரிமையின் மீறலாக அறிவித்தபோது, ஏந்தி வருவதற்கென்று ஒரு பயின்ற தொழிலாளர் வகுப்பு நாட்டில் பரவலாக உருவாகியிருக்கவில்லை. 2005இல் ஐதராபாத்தில் தொடங்கி 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்த 108 சேவையே அவ்வகுப்பைப் பெருமளவில் உண்டாக்கியது. அதை நடத்திய நிறுவனம் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் துணையோடு பயிற்சிப் பாடங்களை வகுத்ததால், மேற்குக் கரை மரபின் ஒரு கிளை இங்கும் வேர்விட்டது என்று கூறலாம். ஓட்டுநரைப் பைலட் என்று அழைக்கும் வழக்கத்தையும் அச்சேவை கொண்டுவந்தது. முன்னிருக்கைக்காரருக்கு ஒரு பெயராலாவது மதிப்புத் தேடிய அச்செயலை, பெல்வியூவின் வண்டியோட்டியை நினைவில் வைத்துப் பார்த்தால் சிறிதென்று ஒதுக்க இயலாது. தமிழ்நாடு அரசு பின்னர் விபத்து, அவசர சிகிச்சைக்கென வகுத்த திட்டத்தில், வண்டி வரும் முன்பே மருத்துவமனைக்குச் செய்தி சொல்லும் வருமுன் அறிவிப்பு இடம்பெற்றிருப்பதும், பழைய வானொலியின் வேலையையே புதுக் கருவியில் செய்வதாகும்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இரு மருத்துவமனைகளில் நடந்து 2012இல் வெளியான முயற்சி, நடத்தை விதி எதையும் எழுதாமலே வாசலின் மனத்தாங்கலை அணுகியது. ஒப்படைப்புக் காட்சிகளைப் படம்பிடித்து, அதே ஆம்புலன்ஸ் பணியாளரையும் அதே செவிலியர், மருத்துவரையும் சேர்த்து அமரவைத்துத் தம்மைத் தாமே பார்க்கச் செய்தனர் ஆய்வாளர்கள். ஒருவர் பேசும்போதே மற்றவர் நோயாளியை இடம் மாற்றத் தொடங்குவது, சொன்னதையே திரும்பக் கேட்பது, முகத்தைப் பாராமல் பேசுவது ஆகியவற்றைத் திரையில் கண்டபின், என்ன வரிசையில் சொன்னால் மறிக்காமல் கேட்க முடியும் என்பதை இரு தரப்பும் கூடியே வகுத்துக்கொண்டன. நோயாளி யார், என்ன நேர்ந்தது, எங்கே காயம், உடற்குறிகள் எவை, என்ன சிகிச்சை தரப்பட்டது என்று தொடங்கும் அவ்வரிசை, ஒவ்வாமை, உண்ணும் மருந்துகள், முன்வரலாறு ஆகியவற்றைக் கடந்து, பிற என்னும் தலைப்பில் முடிகிறது. அவ்வரிசை வழக்கத்துக்கு வந்தபின் கேள்விகளும் கூறியது கூறலும் குறைந்தன, ஒப்படைப்புக்கு ஆகும் நேரமும் சுருங்கியது, பேசும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது கூடியது என்று ஆய்வு பதிவுசெய்தது. நோயாளியின் வீட்டில் துணைக்கு யார் இருந்தார்கள், அவர் எந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டார் என்பன போன்ற செய்திகளும், வாசலுக்கு வெளியே சென்றவர் மட்டுமே சொல்லக்கூடியவையும், இடம்பெறுவது அந்தக் கடைசித் தலைப்பின் கீழ்தான்.